ஆடும் நாற்காலிக்கு ஆணி மருந்தல்ல

தில்லிக்கு வேலைக்கு வந்து வாடகை வீடு பிடிக்கிற நம்மவர்களில் பலர் மேசை நாற்காலியைப் புதிதாக வாங்குவதில்லை. அமர் காலனியின் பழைய மரச்சாமான் கடைகளில் தேடி வாங்குகிறோம். இல்லாவிட்டால் மாற்றலாகிப் போகிற நண்பர் விட்டுச்செல்வதை எடுத்துக்கொள்கிறோம். நல்ல மரமாகவே இருக்கும். ஆனால் ஒரு கோடை கழிந்ததும் நாற்காலி ஆடத் தொடங்கும், சாய்ந்தால் கிறீச்சிடும். உடனே கை சுத்தியலையும் ஆணியையும் தேடும்.

தயவுசெய்து ஆணி அடிக்காதீர்கள். முனிர்க்காவில் குடியிருந்த முதல் வருடம் நான் அதைத்தான் செய்தேன். நல்ல ஷீஷம் நாற்காலி. ஷீஷம் என்பது நம் ஊர் ஈட்டி மரத்துக்கு உறவு. ஆடிய மூட்டில் இரண்டு அங்குல ஆணி இரண்டை இறக்கினேன். குளிர்காலம் முழுவதும் அசையாமல் நின்றது. அடுத்த மே மாதம் ஆணி இருந்த இடத்திலிருந்து சட்டம் நீளவாக்கில் பிளந்துவிட்டது. தெருமுனை மிஸ்திரியிடம், அதாவது தச்சரிடம், தூக்கிக்கொண்டு போனேன். அவர் குறடால் ஆணிகளைப் பிடுங்கி, மூட்டைப் பிரித்து, துளைக்குள் செருகியிருந்த மர நாக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடி போலப் பளபளவென்று பழைய பசை அதன்மேல் படிந்திருந்தது. "பாயி சாப், பசை மரத்தைத்தான் பிடிக்கும், பசையைப் பிடிக்காது" என்றார். அன்று கற்றதை வைத்துத்தான் இன்றுவரை வீட்டுச் சாமான்களைச் சரிசெய்து வருகிறேன்.

தில்லியில் மூட்டு ஏன் கழல்கிறது?

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், இழந்தால் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாட்டில்தான் அதிகம். நாற்காலியில் சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கிக் காலில் வெட்டிய துளைக்குள் செருகியிருப்பார்கள். நம் தச்சர்கள் அந்த நாக்கைக் கழுந்து என்பார்கள். சட்டத்தின் நார் கிடையாகவும் காலின் நார் செங்குத்தாகவும் ஓடுவதால் இரண்டும் வெவ்வேறு திசையில் உப்பிச் சுருங்குகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட பசைதான் ஒவ்வொரு பருவத்திலும் இழுபடுகிறது.

மே, ஜூனில் லூ என்ற அனல்காற்று வீசி மரத்தின் ஈரத்தை வற்றச் செய்கிறது. ஜூலை, ஆகஸ்டில் மழை வந்து அதே மரம் ஈரம் குடித்து உப்புகிறது. துளைக்குள் இடமில்லாமல் உப்பும் கழுந்தின் நார்கள் நசுங்கிவிடுகின்றன. மீண்டும் காயும்போது முன்னிருந்ததைவிடச் சற்று ஒல்லியாகிவிடுகிறது. சில வருடங்களில் கழுந்துக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். ஆணி அடித்தாலும் இந்த அசைவு நிற்பதில்லை. மரம் ஆணியைச் சுற்றி அசைந்து அசைந்து ஓட்டையைப் பெரிதாக்கும். அதற்கும் வழியில்லாதபோது பிளக்கும்.

இதே காரணத்தால்தான் நாற்காலியைக் கூலரின் ஈரக்காற்றுக்கு நேரேயும், ஜனவரியில் ஹீட்டருக்கு அருகிலும் வைக்கக் கூடாது என்கிறேன். இன்னொன்று, ஆகஸ்டில் இழுப்பறை இறுகித் திறக்க மறுத்தால் அவசரப்பட்டு இழைக்காதீர்கள். அக்டோபர்வரை பொறுங்கள். மழையில் இழைத்த இழுப்பறை டிசம்பரில் தொளதொளவென்று ஆடும். மூட்டுப் பசை வேலைக்கும் அக்டோபர், நவம்பர் அல்லது பிப்ரவரி, மார்ச் மாதங்களே உகந்தவை. மரம் அதிகம் உப்பாமலும் அதிகம் சுருங்காமலும் நடுநிலையில் இருக்கும்.

எது ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஆடுவது நாற்காலியா தரையா என்பது முதல் கேள்வி. பழைய அடுக்ககங்களின் தரை பல இடங்களில் சமமாக இராது. நாற்காலி ஆடும் இடத்திலேயே அதைக் கால்வாசி வட்டம் திருப்பி வையுங்கள். முன்பு தூக்கிக்கொண்டு நின்ற அதே கால் இப்போதும் தூக்கிக்கொண்டிருந்தால் குறை நாற்காலியில். வேறொரு கால் தூக்கிக்கொண்டால் குறை தரையில். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்காவது கால் வந்த பிறகுதான் இந்தத் தொல்லையெல்லாம்.

நாற்காலியில்தான் குறை என்றால், தலைகீழாகப் பாயின்மேல் கவிழ்த்து ஒவ்வொரு காலையும் பிடித்து மெல்ல அசையுங்கள். இன்னொரு கையின் விரல் நுனியை மூட்டுக் கோட்டின்மேல் வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவும் விரலுக்குத் தெரியும். ஆடும் மூட்டில் மயிரிழை போன்ற கறுப்புக் கோடு திறந்து மூடும். அந்த மூட்டுகளில் மட்டும் சாக்பீஸால் குறியிடுங்கள். எல்லா மூட்டும் இறுக்கமாக இருந்தும் நாற்காலி ஆடினால், ஒரு கால் குட்டையாக இருக்கிறது அல்லது சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கால் குட்டை என்றால் மற்ற மூன்று கால்களை அறுக்கப் போகாதீர்கள். ஒன்றை அறுத்தால் இன்னொன்று நீளும், அதை அறுத்தால் வேறொன்று நீளும். சமமான கிரானைட் மேடையிலோ நல்ல தரையிலோ நாற்காலியை நிறுத்தி, தூக்கிக்கொண்டிருக்கும் காலுக்கு அடியில் பழைய விசிட்டிங் கார்டுகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். ஆட்டம் நிற்கும்போது எத்தனை கார்டு இருக்கிறதோ, அதே கனத்தில் ரப்பரோ தோலோ மரச்சில்லோ வெட்டி அடியில் ஒட்டிவிட்டால் போதும்.

மரத்தின் அடியில் மாவு போன்ற தூள் கொட்டிக்கிடக்கிறதா என்றும் பாருங்கள். சிறு ஊசித் துளைகளும் அருகில் தெரிந்தால் வண்டு குடைந்திருக்கிறது. ஷீஷத்தில் கரும்பழுப்பு வைரம், அதாவது உள்மரம், தாங்கும். வெளிறிய வெளிமரத்தைத்தான் வண்டு தேடி வரும். மூட்டில் வண்டு இருந்தால் பசை எதுவும் பயன்படாது. முதலில் மருந்து, பிறகுதான் மற்றவை. அரித்துப்போன காலுக்கு மாற்றுக் கால்தான் வழி.

வாங்க வேண்டியவை

நான் முதன்முதலாக வாங்கிய கருவிகளும் பசையும் சேர்த்து 600 ரூபாய்க்குள் அடங்கின. பக்கத்துத் தெரு ஹார்ட்வேர் கடையே போதும். அங்கே இந்தி தடுமாறும் புதியவர்களுக்காகக் கடைக்காரர் சொல்லும் பெயர்களையும் சேர்த்துச் சொல்கிறேன். உப்புத்தாளுக்கு ரேக்மால் என்று கேளுங்கள். 80, 120, 220 எண்களில் இரண்டிரண்டு தாள் வாங்குங்கள். திருப்புளி பேச்கஸ். சணல் கயிறு சுத்லி. மரத்தூள் புராதா. ஆப்பு பச்சர். கழுந்தைத் தில்லி மிஸ்திரிகள் சூல் என்பார்கள்.

மரப்பசைக்கு பெவிகால் எஸ்எச் சின்ன டப்பா ஒன்று. கூடவே கொஞ்சம் எபாக்சி புட்டி. எம்-சீல் என்றால் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றும் தடித்த ஊசி ஒன்றும். வெள்ளை வினிகர் சமையலறையிலேயே இருக்கும். கிளாம்ப் வாங்கப் பணம் செலவழிக்க வேண்டாம். பஞ்சர் கடையில் கிழிந்த சைக்கிள் டியூப் இரண்டு கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். அதை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கத்தரித்துக்கொண்டால் அதைவிட நல்ல இறுக்கி கிடையாது.

மூட்டைப் பிரித்து ஒட்டுவது

பெரும்பாலானோர் ஆடும் மூட்டின்மேல் பசையை ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பசை வெளியே காய்கிறதே தவிர உள்ளே போவதில்லை. உள்ளே போனாலும் மிஸ்திரி சொன்னதுபோலப் பழைய பசையின்மேல்தான் உட்காரும். பிரிக்காமல் வழியில்லை.

பிரிக்கும் முன் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து மூட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். யாராவது முன்பே ஆணி அடித்து மேலே பாலிஷ் பூசியிருந்தால் காந்தம் அந்த இடத்தில் இழுக்கும். ஆணியை எடுக்காமல் தட்டினால் மரம் பிய்ந்துகொண்டு வரும். மூங்கில் முளை அடித்திருந்தாலும் அதைத் துளையிட்டு எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணை எழுதுங்கள்: காலில் 1, சட்டத்தில் 1, அடுத்ததில் 2, 2. கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சட்டங்களும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒன்றின் கழுந்து இன்னொன்றின் துளைக்குள் சரியாகப் போகாது.

இப்போது காலின் உட்பக்கம், மூட்டுக்கு மிக அருகில், துணி சுற்றிய மரக்கட்டையை வைத்து அதன்மேல் சுத்தியலால் தட்டுங்கள். ஒரே அடியாக ஓங்கி அடிக்க வேண்டாம். இந்தப் பக்கம் இரண்டு தட்டு, அந்தப் பக்கம் இரண்டு தட்டு. காலைப் பிடித்துத் திருகவே கூடாது, கழுந்து முறிந்துவிடும். அடுக்ககத்தில் இருந்தால் பிற்பகல் தூக்க நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அசைய மறுக்கும் மூட்டில் சூடான வினிகரைச் சிரிஞ்சால் கொஞ்சம் செலுத்தி அரைமணி நேரம் விடுங்கள். வெள்ளைப் பசை இளகும். மிகப் பழைய சாமானில் வச்சிரப் பசை இருக்கலாம்; தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது அது. ஈர விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். அதற்கு வெந்நீரே போதும். இறுக்கமாக இருக்கிற மூட்டை மட்டும் தொடாதீர்கள். நாற்காலி முழுவதையும் பிரித்துப் போடத் தேவையில்லை.

வினிகரோ வெந்நீரோ விட்டிருந்தால் ஒருநாள் காயவிட்டுப் பழைய பசையைச் சுரண்டுங்கள். எல்லாவற்றிலும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் பசை செதில் செதிலாக வரும், மரம் வராது. ரேக்மாலால் பரபரவென்று தேய்த்தால் கழுந்து இன்னும் ஒல்லியாகிவிடும். கடைசியில் நான்கைந்து தேய்ப்பு போதும். துளைக்குள் பழைய திருப்புளியின் தட்டை முனையால் சுரண்டலாம். சுத்தமாகிவிட்டதா என்று அறிய கழுந்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே ஊறி அந்த இடம் கறுத்தால் அது மரம். முத்துப்போல உருண்டு நின்றால் அங்கே இன்னும் பசை இருக்கிறது, திரும்பவும் சுரண்டுங்கள்.

பசை இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கையால் அழுத்தினால் போகவும், தானாகக் கழன்று விழாமலும் இருந்தால் சரி. தொளதொளவென்று இருந்தால் இடைவெளியை மரத்தாலேயே அடைக்க வேண்டும். எந்த மிஸ்திரியின் இழைப்புளிக்கு அடியிலும் சுருள் சுருளாகச் சீவல் கிடக்கும். ஒரு கைப்பிடி கேட்டு வாங்குங்கள். நார் ஒரே திசையில் ஓடும்படி சீவலைக் கழுந்தின் கன்னங்களில் பசையால் ஒட்டிக் காயவிட்டு, மெல்லத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கச் சொல்பவர்கள் நிறைய. ஓட்டையை மறைக்க அது நன்றாக உதவும். ஆள் உட்காரும் மூட்டில் அதை நான் நம்புவதில்லை. தூளில் நார் இல்லை, பலமும் இல்லை.

பசையைத் தொடுவதற்கு முன் கயிறு, டியூப், ஈரத்துணி, அட்டைத்துண்டு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். பசை பூசியபின் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். கழுந்திலும் துளையின் சுவர்களிலும் மெல்லிசாகப் பூசுங்கள். துளையின் அடியில் பசையைத் தேக்கினால் கழுந்து கடைசிவரை இறங்காது. எண் பார்த்துச் செருகி, கட்டையை வைத்துத் தட்டி உட்காரவையுங்கள்.

அடுத்தது இறுக்குவது. நான்கு கால்களையும் சுற்றிச் சட்டத்தின் உயரத்தில் சணல் கயிற்றை இரட்டையாகக் கட்டுங்கள். மூலைகளில் அட்டை வையுங்கள், கயிறு பாலிஷைத் தின்னாது. இரட்டைக் கயிற்றின் நடுவே மரக்கரண்டிக் காம்பைச் செருகி முறுக்குங்கள். ஒவ்வொரு முறுக்கிலும் மூட்டு வாயிலிருந்து பசை சிறு மணிகளாகப் பிதுங்கும். எல்லாப் பக்கமும் மணிகள் தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் காம்பைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். கயிறு நிற்காத இடங்களில் டியூப் பட்டையை இழுத்து இழுத்துச் சுற்றலாம். பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தால் அந்த இடத்தில் பின்னர் பாலிஷ் ஏறாது.

காயவைக்கும் முன் இரண்டு சோதனைகள் பாக்கி. இருக்கைச் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளை நூலால் குறுக்கே அளந்து பாருங்கள். உங்கள் நாற்காலி முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருந்தாலும் இடமும் வலமும் சரிபாதியாக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாகத்தான் வரும். வராவிட்டால் நீளமாக இருக்கும் மூலைகளை ஒன்றை நோக்கி ஒன்று அழுத்தி நேராக்குங்கள். பிறகு சமதரையில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையைத் தொடும்படி இருக்கைமேல் இரண்டு கனமான புத்தகக் கட்டுகளை வையுங்கள். இதை மறந்தால் பசை ஆட்டத்தோடு சேர்ந்தே இறுகிவிடும். 24 மணி நேரம் யாரும் உட்காரக் கூடாது. ஜனவரிக் குளிரில் பால்கனியில் காயவைக்காதீர்கள். வெள்ளைப் பசை கடுங்குளிரில் சரியாக இறுகாமல் சுண்ணாம்புபோல வெளுத்துப் பலமிழந்துவிடும்.

இவ்வளவு செய்த பிறகும் கூடுதல் பலம் வேண்டுமென்றால், இருக்கைக்கு அடியில் இரண்டு சட்டங்கள் சேரும் உள்மூலையில் முக்கோண மரக்கட்டை ஒன்றைப் பசை வைத்துத் திருகாணியால் முடுக்குங்கள். கீர்த்தி நகர் மரக்கடைகளில் துண்டு மரம் கிடைக்கும். மூலைக்கட்டை வெளியே தெரியாது. இரும்பு எல் ஆங்கிளைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

லேசான ஆட்டம், கழன்ற திருகாணி

மயிரிழை அளவே ஆட்டம், மூட்டோ பிரிய மறுக்கிறது என்றால் சிரிஞ்ச் உதவும். மூட்டின் மறைவான பக்கத்தில் துளைக்குள் போய்ச் சேரும்படி 2 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, சில சொட்டுத் தண்ணீர் கலந்து இளக்கிய பசையைச் செலுத்தி, அசைத்து அசைத்து உள்ளே பரவச் செய்து, கட்டிவையுங்கள். இது சில வருடம் தாங்கும் வைத்தியம், அவ்வளவுதான்.

திருகாணி சுற்றிக்கொண்டே இருந்து பிடிக்காவிட்டால், பெரிய திருகாணி தேட வேண்டாம். எரிந்து முடிந்த ஊதுபத்திகளின் அடிக்குச்சிகளைச் சேர்த்துவையுங்கள், அவை மூங்கில். பசையில் தோய்த்து ஓட்டை நிறையும்வரை செருகி, காய்ந்ததும் மட்டமாக அறுத்து, நடுவில் மெல்லிய துளையிட்டுப் பழைய திருகாணியையே முடுக்குங்கள். அதன் புரிகளில் கொஞ்சம் சோப்புத் தேய்த்துக்கொண்டால் மரம் பிளக்காமல் இறங்கும்.

துகள்பலகையில் (பார்ட்டிகிள் போர்டில்) செய்த மேசைகளுக்கு இந்தக் குச்சி வைத்தியம் பிடிக்காது, ஓட்டை உதிர்ந்துகொண்டே போகும். உதிர்ந்ததைத் தட்டி எடுத்துவிட்டு எபாக்சி புட்டியைப் பிசைந்து அடைத்து, ஒருநாள் விட்டுத் துளையிடுங்கள். எல் ஆங்கிளையும் இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். தண்ணீர் குடித்து உப்பிய துகள்பலகையை எதுவும் மீட்காது, பணம் செலவழிக்காதீர்கள்.

கட்டில் கிறீச்சிட்டால் பாதி நேரம் போல்ட் தளர்ந்ததுதான் காரணம். எல்லாவற்றையும் முடுக்கி, தேவைப்பட்ட இடத்தில் வாஷர் சேர்த்து, மரமும் மரமும் உரசும் இடங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

கழுந்து முறிந்திருந்தால், கால் நீளவாக்கில் விரிந்திருந்தால் மிஸ்திரியைக் கூப்பிடுங்கள். "ஆணி வேண்டாம், பிரித்துப் பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூலி கொஞ்சம் கூடும், வேலை நிற்கும். வேலையை நீங்கள் செய்தாலும் அவர் செய்தாலும் இருக்கையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதியையும் எந்தப் பசை என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்து இந்த மூட்டைப் பிரிக்கப்போகிறவருக்கு வினிகரா வெந்நீரா என்று தெரிந்திருக்கும்.